விளையாட்டும் ஆறு ஷில்லிங்கும்

“விளையாட்டிலே காசைக் கலக்காதீர்கள், அது புனிதமானது” என்று உபதேசம் செய்கிற பெரியவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. உபதேசம் செய்கிறவர் யார், கைகட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் யார் என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். வயிறு நிறைந்தவன்தான் பட்டினியின் மகிமையைப் பற்றி ஓயாமல் பேசுவான். மீதிப் பாதி விளங்க வேண்டுமானால், விக்டோரியா ராணியின் ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் நடந்த ஒரு விவகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு பந்தாட்டம் இரண்டாகப் பிளந்தது. பந்தை எப்படி எறிவது, எப்படிப் பிடிப்பது என்ற தகராறினால் அல்ல. ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் என்ற கூலிக் கணக்கினால்!

ரக்பி என்பது முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற ஆட்டம். எதிர்க்கட்சிக்காரர்கள் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். அவர்களை முட்டி மோதிக் கடந்துபோய் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். சடுகுடு ஆடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. முழங்கால் சிராய்ப்பும் தோள்பட்டை விலகலும் இந்த ஆட்டத்தில் சர்வசாதாரணம்.

ஆட்டத்துக்கு இந்தப் பெயர் வந்தது ரக்பி என்ற ஊரில் சீமான் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து. அப்படியானால் அது பஞ்சாலைத் தொழிலாளியின் கைக்கு எப்படி வந்தது? பிரபுக்கள் தானம் செய்தார்களா? இல்லை. பத்து மணி நேர வேலைக்காகப் பல ஆண்டுகள் நடந்த கிளர்ச்சியின் பயனாக 1847-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதை முதலாளிகள் ஓட்டை போட்டுக் கவிழ்க்கப் பார்க்கவே, 1850-ல் இன்னொரு சட்டம் வந்தது. நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலை நிற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. சட்டத்தின் வாசகம் பெண்களையும் இளவயதினரையும் பற்றித்தான். ஆனால் பெண்களும் பையன்களும் வெளியே போய்விட்டால் இயந்திரத்தை யார் ஓட்டுவது? ஆண்களும் வெளியே வந்தார்கள். வாரத்தில் முதல் தடவையாக, வெளிச்சம் இருக்கும்போதே வீதியில் நிற்கிற ஒரு பிற்பகல் தொழிலாளிக்குக் கிடைத்தது.

அந்தப் பிற்பகலில்தான் ஆட்டம் வளர்ந்தது. யார்க்ஷயர், லங்காஷயர் மாவட்டங்களில் ஆலையும் சுரங்கமும் இருந்த ஊர்களிலெல்லாம் கிளப்புகள் தோன்றின. விகன் நகரில் நிலக்கரித் தொழிலாளிகள். செயின்ட் ஹெலன்ஸில் கண்ணாடித் தொழிலாளிகள். விட்னஸில் ரசாயனத் தொழிற்சாலைக்காரர்கள். ஹல் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள். பாட்லி என்ற சிற்றூரில் கந்தல் துணிகளை அரைத்து மீண்டும் நூலாக்கி நெய்கிறவர்கள். 1877-ல் யார்க்ஷயர் கோப்பைப் போட்டி ஆரம்பமானதும் ஆட்டம் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. வாசலில் காசு வசூலானது. அந்தக் காசு கிளப்பின் பெட்டிக்குப் போனது. சேற்றில் புரண்டு எலும்பை முறித்துக்கொண்டவனுக்கு? கைதட்டல்!

கைதட்டலோடு போயிருந்தாலும் பரவாயில்லை. உண்மையில் அவன் கையிலிருந்து பணம் போனது. கணக்கைப் பாருங்கள். சனிக்கிழமை அரைநாள் லீவு என்றால் காலை வேலை உண்டு என்று அர்த்தம். கிழக்குக் கரையில் இருக்கிற ஹல் நகரத்தான் மேற்கே விட்னஸில் போய் ஆட வேண்டுமானால், நாட்டின் குறுக்கே, மலையைத் தாண்டி ரயிலில் போக வேண்டும். காலையிலேயே புறப்பட்டால்தான் பிற்பகலில் மைதானத்தில் நிற்கலாம். ஆக, சனிக்கிழமைக் கூலி போச்சு. தோளில் அடிபட்டால் அடுத்த வாரக் கூலியும் போச்சு. தேர்ச்சி பெறாத தொழிலாளிக்கு வாரம் முழுவதும் உழைத்தால் ஒரு பவுன், அதாவது இருபது ஷில்லிங் அளவில் கிடைத்த காலம் அது. அதில் ஒரு நாள் வெட்டு விழுந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டிய அவசியமில்லை.

வடக்கத்திக் கிளப்புகள் கேட்டது என்ன? சம்பளமா? இல்லை. ஆட்டத்துக்காக வேலையை இழந்தவனுக்கு, இழந்த கூலியை மட்டும் ஈடுகட்ட அனுமதி கொடுங்கள் என்றார்கள். நேர நஷ்டக் கூலி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு காசு வேண்டாம் என்றார்கள். இதைவிட அடக்கமான கோரிக்கை உலகத்தில் இருக்க முடியுமா?

லண்டனில் இருந்த ரக்பி யூனியன் தலைவர்களுக்கு இது பாவமாகப் பட்டது. அவர்கள் 1886-லேயே “அமெச்சூர்” விதி என்று ஒன்றை எழுதிவைத்துவிட்டார்கள். அமெச்சூர் என்றால் ஆசைக்காக ஆடுகிறவன், காசைத் தொடாதவன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது! ஆர்தர் பட் என்று அவர்களில் ஒரு பிரமுகர். ரக்பி யூனியனுக்கே தலைவராக இருந்தவர். ஆட ஓய்வும் வசதியும் இல்லாத தொழிலாளி ஆடாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் எழுதிவைத்த கருத்து. ஒரு விதத்தில் இந்த மனிதரை நான் மெச்சுகிறேன். மற்றவர்கள் புனிதம், பண்பாடு என்று பூசி மெழுகியதை இவர் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்.

இந்தப் புனிதத்தின் லட்சணத்துக்கு ஓர் உதாரணம். கிரிக்கெட்டில் டபிள்யூ. ஜி. கிரேஸ் என்ற தாடிக்கார டாக்டர் பெரும் புகழ் பெற்றவர். அவரும் அமெச்சூர்தான்! 1895-ம் ஆண்டு அவருக்காகப் பத்திரிகை மூலம் ஷில்லிங் ஷில்லிங்காக வசூல் நடந்தது. எல்லா நிதியும் சேர்ந்து ஒன்பதாயிரம் பவுனுக்கு மேல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் அவருடைய அமெச்சூர் பட்டத்தைப் பிடுங்கவில்லை. கனவான் வாங்கினால் அன்பளிப்பு. சுரங்கத் தொழிலாளி ஆறு ஷில்லிங் கேட்டால் ஆட்டத்துக்கே களங்கம்!

களங்கத்தைத் துடைக்க வேட்டைக்காரர்களும் புறப்பட்டார்கள். பிராங்க் மார்ஷல் என்ற பாதிரியார், ஹடர்ஸ்பீல்டை ஒட்டிய ஆல்மண்ட்பரி என்ற ஊரில் பள்ளித் தலைமையாசிரியர். எந்தக் கிளப் எந்த ஆட்டக்காரனுக்குக் காசு கொடுத்தது, எவனுக்கு வேலை தேடிக் கொடுத்தது என்று துப்பறிந்து புகார் கொடுப்பதே அவருடைய திருப்பணி. 1893-ல் ஹடர்ஸ்பீல்டு கிளப்பையே தடை செய்தார்கள். மறு ஆண்டில் லங்காஷயரில் லீ, சால்போர்ட் கிளப்புகளுக்கும் அதே கதி.

அந்த 1893-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் கோடையில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிக் கதவடைப்புச் செய்திருந்தார்கள். சுமார் மூன்று லட்சம் தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். செப்டம்பர் 7-ந் தேதி யார்க்ஷயரில் பெதர்ஸ்டோன் என்ற ஊரில், ஆக்டன் ஹால் சுரங்கத்தின் முன் கூடிய மக்கள்மீது ராணுவம் சுட்டது. இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். சுரங்கத்தின் சொந்தக்காரர் மாஷம் பிரபு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 20-ந் தேதி, லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் பாலஸ் ஓட்டலில் ரக்பி யூனியனின் மகாசபை கூடியது. யார்க்ஷயர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் மில்லர் நேர நஷ்டக் கூலித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 136, எதிர்ப்பு 282. தோற்றது. தென்பகுதிக் கிளப்புகள் ஆள் அனுப்பக்கூட இல்லை. ஒரே மனிதர் 120 ஓட்டுக்களை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். துப்பாக்கிச் சூட்டையும் இந்த ஓட்டெடுப்பையும் நேராக முடிச்சுப் போட நான் வரவில்லை. அன்று கூடியவர்கள் பெதர்ஸ்டோனைப் பற்றிப் பேசக் கூடவில்லை. ஆனால் அதே யார்க்ஷயர், அதே மாதம். ஓர் இடத்தில் கூலியைக் குறைக்காதே என்றவனுக்குக் கிடைத்த பதில் தோட்டா. இன்னோர் இடத்தில், போன கூலியைக் கொடு என்றவனுக்குக் கிடைத்த பதில் “நீ கனவான் அல்ல” என்பது.

இரண்டு ஆண்டுகள் புகைந்தது. கடைசியில் 1895-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ந் தேதி, வியாழக்கிழமை மாலை, ஹடர்ஸ்பீல்டு ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்த ஜார்ஜ் ஓட்டலில் வடபகுதிக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ரக்பி யூனியனிலிருந்து விலகுவது, வடக்கு யூனியன் என்று தனிச் சங்கம் அமைப்பது, நேர நஷ்டக் கூலியாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுப்பது என்று முடிவாயிற்று. பின்னால் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது இதுதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஓட்டல் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் தொழிலாளிகள் அல்ல. வியாபாரிகள், சிறு ஆலை முதலாளிகள், சாராயக் கடைக்காரர்கள் போன்றவர்கள்தான் கிளப் கமிட்டிகளை நடத்தினார்கள். வாசல் வசூல் நன்றாக நடக்க நல்ல ஆட்டக்காரன் வேண்டும். அவனைப் பிடித்து வைக்கக் கூலி கொடுத்தாக வேண்டும். இதுதான் அவர்கள் கணக்கு. ஆட்டக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை, அவனுக்கு ஓட்டும் இல்லை. ஆகையால் இதை ஏதோ தொழிலாளிப் புரட்சி என்று தலையில் தூக்கிவைத்துக் கூத்தாடுவது தவறு. தொழிலாளியின் தேவையும் உள்ளூர் முதலாளியின் லாபமும் சிறிது தூரம் ஒரே பாதையில் நடந்தன, அவ்வளவுதான். அந்தச் சிறிது தூரத்தில் தொழிலாளிக்கு ஆறு ஷில்லிங் கிடைத்தது. அதையும் அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஒன்பதே நாளில், செப்டம்பர் 7-ந் தேதி, முதல் பருவம் ஆரம்பமாயிற்று. (பெதர்ஸ்டோனில் சுட்டு சரியாக இரண்டு ஆண்டு!) 22 கிளப்புகள். ஒவ்வொன்றும் மற்ற 21 கிளப்புகளோடு சொந்த ஊரில் ஒரு தடவை, எதிரியின் ஊரில் ஒரு தடவை ஆட வேண்டும். ஆக 42 ஆட்டங்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி, பனிக்காலம் முழுவதும் தாண்டி, வசந்தம் வரை. அன்றைக்கு ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். பதின்மூன்று பேராகக் குறைந்தது 1906-ல்தான். வார நாளெல்லாம் தறியிலும் சுரங்கத்திலும் நின்றவர்கள் சனிக்கிழமை ரயிலேறிப் போய் 42 ஆட்டம் ஆடினார்கள் என்றால் அந்த உடம்புகள் எப்படிப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு பருவத்தின் கணக்கே போதும், நேர நஷ்டக் கூலி இல்லாமல் தொழிலாளி ஆடியிருக்க முடியாது என்பதற்கு.

பருவத்தின் முடிவில் முதலிடம் வந்தது யார்? பிராட்போர்டு நகரத்தின் ஒரு பகுதியான மானிங்ஹாம். இரண்டாவதாக வந்த ஹாலிபாக்ஸைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

மானிங்ஹாம் என்ற பெயரை இங்கிலாந்துத் தொழிலாளி இயக்கத்தில் அறியாதவர் இல்லை. அங்கேதான் லிஸ்டரின் பிரம்மாண்டமான பட்டாலை இருந்தது. 1890 டிசம்பரில் நிர்வாகம் கூலியில் பெரும் வெட்டு அறிவித்தது. அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்திவிட்டதாம், அதற்குத் தொழிலாளி தண்டம் கட்ட வேண்டுமாம்! சுமார் ஐயாயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலோர் பெண்கள். குளிர்காலம் முழுவதும் நின்றார்கள். 1891 ஏப்ரலில் நகர நிர்வாகம் கூட்டம் போடத் தடை போட்டது. வீதிக்கு ராணுவம் வந்தது. மாதக் கடைசியில் பட்டினி தாங்காமல், தோற்று, வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அந்தத் தோல்வியின் சாம்பலிலிருந்துதான் பிராட்போர்டு தொழிலாளர் சங்க அரசியல் கிளம்பியது. 1893 ஜனவரியில் அதே நகரத்தில் சுயேச்சைத் தொழிற்கட்சி பிறந்தது.

வேலைநிறுத்தத்தை நசுக்கிய ஆலை முதலாளி சாமுவேல் கன்லிப் லிஸ்டருக்கு என்ன நேர்ந்தது? அதே 1891-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. என்ன பிரபு? மாஷம் பிரபு! ஆம், பெதர்ஸ்டோன் சுரங்கத்தின் சொந்தக்காரர் இவரேதான். ஆலையில் ஒரு கை, சுரங்கத்தில் ஒரு கை.

வேலைநிறுத்தத்தால்தான் மானிங்ஹாம் ஆட்டத்தில் ஜெயித்தது என்று கதை கட்ட நான் தயாராயில்லை. ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன் கூலிக்காகப் பட்டினி கிடந்த வீதிகள் 1896 வசந்தத்தில் தங்கள் ஊர் அணிக்காக ஆரவாரம் செய்தன. அந்த ஆரவாரத்தை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர் தொழிலாளி வாழும் தெருவை அறியாதவர். நம்மிலும் சிலர், விளையாட்டு மக்களை மயக்கும் அபின் என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிட்டுப் போவதுண்டு. அந்தத் தோழர்கள் ஒரு சனிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லண்டன் கனவான்கள் சும்மா இருந்தார்களா? வடக்கு யூனியனில் ஆடியவன் ஒரு காசு வாங்காவிட்டாலும் சரி, அவன் ஆயுள் முழுவதும் தங்கள் ஆட்டத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தீண்டாமை விதி போட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வில்லியம் வெப் எல்லிஸ் என்ற பள்ளிச் சிறுவன் 1823-ல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதுதான் ரக்பியின் ஆரம்பம் என்று ஒரு கதை. ரக்பி பள்ளியின் பழைய மாணவர் சங்கம் இதை விசாரிக்கக் கிளம்பியது எப்போது? இதே 1895-ல்! கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்கூட அகப்படவில்லை. அதனால் என்ன? 1900-ல் பள்ளிக்கூடத்துச் சுவரில் கல்வெட்டே பதித்துவிட்டார்கள். ஆட்டம் உழைப்பாளியின் கைக்குப் போய்விட்ட பிறகு, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது போலும்.

வடக்கு யூனியன் தலைவர்களும் சுத்தத் தங்கமல்ல. 1898-ல் ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுப்பதை முழுவதுமாக அனுமதித்தார்கள். கூடவே ஒரு விலங்கும் மாட்டினார்கள்: ஆட்டக்காரன் வேறு முறையான வேலை ஒன்றில் இருந்தே தீர வேண்டும். சாராயக் கடை எடுபிடி வேலை, பில்லியர்ட்ஸ் மேஜைக்குக் காவல் நிற்கிற வேலை போன்றவை வேலைக் கணக்கில் சேராது. வேலை போய்விட்டால் ஆட்டமும் போச்சு! மேஸ்திரி கோபித்துக்கொண்டு சீட்டைக் கிழித்தால் சனிக்கிழமை மைதானத்திலும் இடமில்லை. ஆலைக் கதவின் சாவியையும் மைதானக் கதவின் சாவியையும் ஒரே கொத்தில் கோத்து முதலாளியின் இடுப்பில் செருகினார்கள். இந்த விதி தொலைந்தது 1905-ல்தான். ஆறு ஷில்லிங்கைப் புகழ்கிற ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் இந்த ஏழு வருஷ விலங்கைப் பற்றி அவசர அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஆட்டம் கடல் கடந்தது. 1907-ல் சிட்னி நகரில் அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரர் ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். ரக்பி யூனியன் ஈடு எதுவும் கொடுக்கவில்லை. மனக்கசப்பு முற்றி, 1908-ல் ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் போட்டிகள் தொடங்கின. அங்கேயும் ஆரம்பப் புள்ளி அதே இழந்த கூலிதான். பிரான்சிலோ கதை இன்னும் கொடியது. ஹிட்லரின் காலடியில் கிடந்த விஷி அரசாங்கம் 1941 டிசம்பரில் ரக்பி லீக்கையே சட்டவிரோதமாக்கிச் சொத்துக்களைப் பறிமுதல் செய்தது. காரணம் கேட்டால், விளையாட்டின் புனிதம்! அமெச்சூர் பண்பு! பாசிஸ்டுகளின் வாயில் இந்த வார்த்தை எவ்வளவு இயல்பாகப் பொருந்தியது பாருங்கள்.

லண்டனின் ரக்பி யூனியன் என்ன ஆயிற்று? 1995 ஆகஸ்டு மாதம், ஜார்ஜ் ஓட்டல் கூட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டு நிறைய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, பாரிஸில் கூடிய சர்வதேச சபை அமெச்சூர் விதியைக் குப்பையில் போட்டது. தொலைக்காட்சிக் கம்பெனிகளின் கோடிகள் வந்து நின்றதும் புனிதம் பறந்துவிட்டது. ஆறு ஷில்லிங்கைத் தீட்டு என்று தள்ளியவர்களுக்குக் கோடி தீட்டாகப் படவில்லை.

மானிங்ஹாம் கிளப் நெடுநாள் நீடிக்கவில்லை. பணமுடை. 1903-ல் ரக்பியைக் கைவிட்டுக் கால்பந்துக்கு மாறி, பிராட்போர்டு சிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டது. முதல் பருவத்தின் சாம்பியன் ஏழே ஆண்டில் அந்த ஆட்டத்தையே விட்டுப்போயிற்று. லிஸ்டரின் பட்டாலை 1992-ல் மூடப்பட்டது. 249 அடி உயரப் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. கீழே கட்டிடத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து அடுக்குமாடி வீடுகளாக்கி விற்றார்கள். மானிங்ஹாம்காரர்கள் ஆடிய வேலி பரேட் மைதானத்தில் இன்றைக்கும் சனிக்கிழமை பிற்பகலில் கூட்டம் சேருகிறது. பந்து மட்டும் காலில் இருக்கிறது.